வசனமில்லாத கதாநாயகன்

"மீ டார்ஜான், யூ ஜேன்." டார்ஜானைப் பற்றி வேறு ஒன்றுமே தெரியாதவருக்கும் இந்த நாலு வார்த்தை தெரியும். மிமிக்ரி செய்பவர்கள் சொல்வார்கள், கல்லூரிக் கலைவிழாவில் சட்டையைக் கழற்றிவிட்டு ஒருத்தன் சொல்லுவான், கார்ட்டூன்களில் வரும். எந்தப் படத்து வசனம் என்று கேட்டால் 1932-ல் எம்.ஜி.எம். எடுத்த 'டார்ஜான் தி ஏப் மேன்' என்று பதில் வரும். அந்தப் படத்தை முதல் ரீலிலிருந்து கடைசி ரீல் வரை உட்கார்ந்து பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அப்படி ஒரு வசனமே படத்தில் கிடையாது!

அந்த இடத்தில் இருக்கிற சீன் இதைவிட நன்றாக இருக்கும். காட்டில் தூக்கிக்கொண்டு போன பெண்ணுக்கு அவன் கெடுதல் எதுவும் செய்யவில்லை. விலங்குகளிடமிருந்து காப்பாற்றியிருக்கிறான். அவள் பழக்க தோஷத்தில் 'என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி' என்கிற மாதிரி ஏதோ சொல்கிறாள். அதில் கடைசியாக வந்த 'மீ' என்ற ஒலியை அவன் பிடித்துக்கொள்கிறான். அவளைத் தொட்டு 'மீ?' என்கிறான். அவளுக்குத் தலை சுற்றுகிறது. நான் எனக்கு மட்டும்தான் 'மீ', உனக்கு நான் 'யூ' என்று விளக்கப் பார்க்கிறாள். இது நடக்கிற காரியமா? 'நான்' என்ற சொல் ஆளுக்கு ஆள் இடம் மாறும் என்பதை இரண்டு வயதுக் குழந்தைக்குப் புரியவைக்கவே மாதக்கணக்கில் ஆகும். கடைசியில் அவள் பெயருக்கு வருகிறாள். ஜேன். அவன் யோசித்து, தன் மார்பில் தட்டி, டார்ஜான் என்கிறான். பிறகு விளையாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. டார்ஜான், ஜேன், டார்ஜான், ஜேன் என்று வேகம் ஏற ஏற அவள் தோளில் குத்திக்கொண்டே இருக்கிறான். நிறுத்து என்று அவள் கெஞ்சுகிற வரைக்கும்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹாலிவுட்டில் படங்கள் பேச ஆரம்பித்து ஐந்து வருஷம்கூட நிறையாத நேரம் அது. எல்லா ஸ்டூடியோவும் போட்டி போட்டுக்கொண்டு ஹீரோக்களை மணிக்கணக்கில் பேசவைத்துக்கொண்டிருந்தன. அப்போது எம்.ஜி.எம். மாதிரி பெரிய கம்பெனி தன் புதுக் கதாநாயகனுக்குக் கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் ஒரு படம் எடுத்தது. அதுவும் அந்தப் படத்துக்கு வசனம் எழுத உட்காரவைத்தது யாரை? இங்கிலாந்தின் பிரபல நாடகக்காரர் ஐவர் நொவெல்லோவை. டிராயிங் ரூம் நாடகங்களுக்குப் பேர் போன மனுஷன்!

இதில் வேடிக்கை என்னவென்றால் எட்கர் ரைஸ் பரோஸ் எழுதின டார்ஜான் ஊமை இல்லை. 1912-ல் 'ஆல் ஸ்டோரி' என்ற பத்திரிகையில் வந்து, 1914-ல் புத்தகமான அந்தக் கதையில் டார்ஜான் ஆங்கிலேயப் பிரபுவின் பிள்ளை. செத்துப்போன பெற்றோர் விட்டுப்போன குடிசையில் கிடக்கும் குழந்தைப் புத்தகங்களை வைத்து, எழுத்து என்றால் என்னவென்றே தெரியாத நிலையிலிருந்து, தானாகவே ஆங்கிலம் படிக்கக் கற்றுக்கொள்கிறான். படிக்கத் தெரியும், எழுதத் தெரியும், பேச மட்டும் தெரியாது. ஏனென்றால் பேசிக்காட்ட ஆள் இல்லை. பிறகு ஒரு பிரெஞ்சு அதிகாரியிடம் பேசக் கற்கிறான், அதனால் ஆங்கில எழுத்தைப் படிக்கிற அவன் வாயிலிருந்து முதலில் வருவது பிரெஞ்சு. அடுத்தடுத்த புத்தகங்களில் மொழிகள் கூடிக்கொண்டே போகும். பரோஸ் ஆப்பிரிக்காவில் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை, அவருடைய காட்டில் தர்க்கம் தேடினால் கிடைக்காது. ஆனாலும் பேசத் தெரியாத ஒருவன் எழுத்திலிருந்து பேச்சுக்கு வருகிற அந்த யோசனை அழகானது.

எம்.ஜி.எம். வாங்கியது டார்ஜான் என்ற பாத்திரத்தை மட்டும்தான், நாவலின் கதையை இல்லை. அதனால் படத்தில் பிரபுக் குடும்பம் கிடையாது, குடிசை கிடையாது, புத்தகம் கிடையாது. இவன் யார், எங்கே பிறந்தான், வெள்ளைக்காரக் குழந்தை எப்படிக் காட்டுக்கு வந்தது, படம் மூச்சே விடாது. பார்ப்பவர்களும் கேட்பதில்லை. பரோஸுக்கு இந்த ஊமை டார்ஜான் பிடிக்கவில்லை. 1935-ல் அவரே பங்கு போட்டு, குவாத்தமாலாவில் ஷூட்டிங் வைத்து, ஹெர்மன் பிரிக்ஸ் என்ற நடிகரைப் போட்டு, நன்றாக ஆங்கிலம் பேசுகிற படித்த டார்ஜானைத் திரைக்குக் கொண்டுவந்தார். அது இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஊமைதான் ஜெயித்தான்.

கதை என்று பார்த்தால் ரொம்பச் சின்னது. ஜேம்ஸ் பார்க்கர் ஆப்பிரிக்காவில் கடை வைத்திருக்கும் கிழவர். யானைகள் சாவதற்கென்றே போகும் ஒரு இடம் இருக்கிறது, அங்கே தந்தம் மலையாகக் குவிந்து கிடக்கிறது என்று நம்பி அதைத் தேடுகிறவர். கூட ஹாரி ஹோல்ட் என்ற இளைஞன். இங்கிலாந்திலிருந்து பார்க்கரின் மகள் ஜேன் பெட்டி பெட்டியாகத் துணிமணியோடு வந்து இறங்குகிறாள். மூன்று பேரும் கூலிகளைக் கூட்டிக்கொண்டு, உள்ளூர் மக்கள் ஏறக்கூடாது என்று விலக்கி வைத்திருக்கும் ஒரு செங்குத்து மலையைத் தாண்டுகிறார்கள். நீர்யானை, முதலை, அப்புறம் அந்தக் கூவல். டார்ஜான் ஜேனைத் தூக்குகிறான். இவர்கள் மீட்கிறார்கள், அவனைச் சுடுகிறார்கள், அவள் அவன் காயத்துக்குக் கட்டுப் போடுகிறாள். கடைசியில் ஒரு குள்ளர் கூட்டம் எல்லோரையும் பிடித்து, ராட்சதக் குரங்கு இருக்கும் குழிக்குள் இறக்க, டார்ஜான் யானைக் கூட்டத்தோடு வந்து காப்பாற்றுகிறான். அடிபட்ட ஒரு யானை இவர்களை அந்தத் தந்தச் சுடுகாட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பார்க்கர் அங்கேயே சாகிறார். ஜேன் காட்டிலேயே தங்கிவிடுகிறாள். அவ்வளவுதான்.

பார்க்கராக நடித்த சி. ஆப்ரி ஸ்மித்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம், கிரிக்கெட் பிடித்தவர்களுக்காக. இவர் இங்கிலாந்து டெஸ்ட் அணியின் கேப்டன். நிஜமாகவே! 1889 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் ஆடினார், முதல் இன்னிங்ஸில் 19 ரன் கொடுத்து 5 விக்கெட். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான். பிறகு கொஞ்ச காலம் தென்னாப்பிரிக்காவிலேயே தங்கினார். அங்கே கடுமையாகக் காய்ச்சலில் விழுந்தபோது இறந்துவிட்டார் என்று தவறாகச் செய்தியே பரவிவிட்டது. நாற்பது வருஷம் கழித்து, 1932-ல், கலிபோர்னியாவில் போட்ட ஆப்பிரிக்காவில் அவர் இன்னொரு தடவை சாகிறார். அதே வருஷம் ஹாலிவுட் கிரிக்கெட் கிளப்பையும் ஆரம்பித்தார்.

ஆமாம், கலிபோர்னியா. இந்தப் படத்துக்காக யாரும் ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. போனது முந்தின படத்துக்கு. டைரக்டர் டபிள்யூ.எஸ். வான் டைக் 1929-ல் ஒரு பெரிய பட்டாளத்தோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் 'டிரேடர் ஹார்ன்' என்ற படத்தை எடுத்தார், 1931-ல் வெளிவந்தது. மைல்கணக்கில் ஃபிலிம் மிச்சம். சிங்கம், நீர்யானை, ஆற்றங்கரை, அங்குள்ள மக்களின் நடனம். கொட்டிக் கிடக்கிறதே, வீணாக்குவானேன் என்று ஸ்டூடியோ டார்ஜானுக்கு வந்தது. மிச்சம் மீதி சாப்பாட்டை மறுநாள் காலையில் தாளித்துப் பரிமாறுவது மாதிரி. ஆனால் நன்றாகத் தாளித்தார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு படத்தின் ஆரம்பத்தைப் பாருங்கள். பார்க்கரின் கடைக்குப் பல இனத்து மக்கள் வந்து குவிகிறார்கள். ஜேன் அவர்களுக்கு முன்னால் நின்று, அப்பா ஒவ்வொரு கூட்டத்தையும் காட்டிச் சொல்லச் சொல்ல, வேடிக்கை பார்க்கிறாள். உண்மையில் மோரீன் ஓ'சல்லிவன் ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்றிருக்கிறார். திரைக்குப் பின்னாலிருந்து பழைய ஃபிலிம் ஓடுகிறது. அந்த மக்களும் அவரும் ஒரே நாளில், ஒரே கண்டத்தில் இருந்ததே இல்லை. ஒளி கொஞ்சம் ஒட்டாமல் நிற்கும், கவனித்தால் தெரியும். டெக்னிக்கலாக அது குறைதான். ஆனால் இந்தப் படம் ஆப்பிரிக்கர்களை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அதைவிடப் பொருத்தமான படம் யாராலும் திட்டம் போட்டு எடுத்திருக்க முடியாது. கண்ணுக்கு முன்னால் இருக்கிறார்கள், கை நீட்டினால் துணிதான் தட்டுப்படும்.

மலையேறும் சீனில் அது இன்னும் மோசம். ஒற்றையடிப் பாறை விளிம்பில் கூலிகள் தலைச்சுமையோடு நகர்கிறார்கள். ஒருவன் கால் தவறி விழுகிறான். அலறல் கேட்டு ஓய்வதற்குள் அடுத்த கவலை, அவன் சுமந்துவந்த மூட்டையில் என்ன இருந்தது என்பது. படம் அதைக் கிண்டலாகச் சொல்கிறதா, வெள்ளைக்காரத் துரைகளைக் குத்திக்காட்டுகிறதா என்று யோசித்துப் பார்க்கலாம். கொஞ்சம் குத்தல் இருப்பது மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு டார்ஜான் பழிவாங்கும்போது சாவதும் கூலிகள்தான், சுட்டவர்கள் இல்லை. கடைசியில் வரும் குள்ளர்களாக நடித்தவர்கள் கரி பூசிய வெள்ளைக்காரர்கள். கூலிகளில் ஓரிருவரைத் தவிர யாருக்கும் பெயர் கிடையாது.

பெயர் என்றதும் ஒன்று. அந்த விலக்கப்பட்ட மலைக்குப் படத்தில் 'முட்டியா' என்று பெயர். எந்த வரைபடத்திலும் அப்படி ஒரு மலை இல்லை. அது முட்டியா ஓமூலு என்ற ஆப்பிரிக்க நடிகரின் பெயர், 'டிரேடர் ஹார்ன்' படத்தில் முக்கியமான வேஷத்தில் நடித்தவர். டார்ஜான் படத்தில் அவர் இல்லை. ஆளை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்து ஒரு பொய் மலைக்கு வைத்துவிட்டார்கள்.

யானைகள் கதை இன்னும் தமாஷ். ஆப்பிரிக்க யானை கிடைக்கவில்லை, கிடைத்தாலும் பழக்குவது கஷ்டம். சர்க்கஸ்களில் இருந்ததெல்லாம் நம்ம ஊர்ப்பக்கத்து ஆசிய யானைகள். காது சின்னது. என்ன செய்வது? பெரிய பொய்க்காது தைத்து மாட்டிவிட்டார்கள், பொய்த்தந்தமும். கிளைமாக்ஸில் கூட்டமாக வந்து குடிசைகளை நொறுக்கும்போது காதுகளை உற்றுப் பாருங்கள். உடம்பு ஒரு பக்கம் போகும், காது அதன் பாட்டுக்கு ஆடும். கொடி பிடித்துத் தாவுவதும் முழுக்க டார்ஜான் இல்லை. ஆல்ஃபிரடோ கொடோனா என்ற அந்தக் காலத்துப் பெரிய டிரபீஸ் கலைஞர் டூப் போட்டார். கொடி என்று நம்பவேண்டியது சில இடங்களில் இலை சுற்றிய டிரபீஸ் கட்டைதான்.

யானை பொய், மலை பொய், கொடி பொய், குள்ளர்கள் பொய், ஜேன் நிற்கும் ஆப்பிரிக்கா பொய். நீச்சல் மட்டும் பொய் இல்லை.

ஜானி வைஸ்முல்லர் நடிகர் இல்லை. 1922-ல் 100 மீட்டரை 58.6 விநாடியில் நீந்தி, ஒரு நிமிஷத்துக்குள் அந்தத் தூரத்தைக் கடந்த முதல் மனிதர் ஆனவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மூன்று தங்கம், 1928 ஆம்ஸ்டர்டாமில் இரண்டு. பாரிஸில் வாட்டர் போலோவுக்காக ஒரு வெண்கலமும் உண்டு. படத்துக்கு வரும்போது பி.வி.டி. என்ற கம்பெனியின் நீச்சல் உடைக்கு மாடலாக ஒப்பந்தத்தில் இருந்தார். அவரைக் கடன் வாங்குவதற்காக எம்.ஜி.எம். தன் நட்சத்திரங்களை அந்தக் கம்பெனியின் உடையில் போஸ் கொடுக்க அனுப்பவேண்டி வந்தது. டார்ஜான் தண்ணீரில் இறங்கும்போது தலை தண்ணீருக்கு மேலேயே நிற்கும், மார்பு உயர்ந்து, படகு போகிற மாதிரி போவார். அது கேமராவுக்காகச் செய்தது இல்லை, ஒலிம்பிக்ஸிலும் அவர் நீச்சல் அப்படித்தான். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

டார்ஜானின் காயம் ஆறின பிறகு வருகிற ஆற்றங்கரைச் சீன்தான் படத்தின் உயிர். இரண்டு பேரும் நீந்துகிறார்கள். கரையில் வந்து உட்கார்ந்து ஜேன் பேசுகிறாள். பேசிக்கொண்டே இருக்கிறாள். அவனைக் கிண்டல் செய்கிறாள், அவன் கண் அழகாக இருக்கிறது என்கிற மாதிரி ஏதேதோ சொல்கிறாள், அப்பாவைப் பற்றிக் கவலைப்படுகிறாள், தனக்கே பதில் சொல்லிக்கொள்கிறாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கிறான். ஒரு வார்த்தை புரியாது. புரியாது என்று தெரிந்ததால்தான் அவளால் அத்தனையும் சொல்ல முடிகிறது. ஹாரி ஹோல்ட்டிடம் இதில் பாதியைக்கூட அவள் பேசியிருக்கமாட்டாள், அவனுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பதுதான் காரணம். அவன் கேட்டுவிட்டு ஒரு அபிப்பிராயம் சொல்லுவான். நொவெல்லோவை எதற்காக எம்.ஜி.எம். கூப்பிட்டது என்பது இந்த இடத்தில்தான் புரிகிறது. இரண்டு பேர் நடிக்கும் சீன், வசனம் முழுக்க ஒருவருக்கு. எதிரில் இருப்பவருக்கு வேலை கேட்பது மட்டும். கேட்பது மாதிரி நடிப்பது சுலபம் இல்லை, அதை வைஸ்முல்லர் செய்கிறார். நடிக்கத் தெரியாத ஆள் என்று விமர்சகர்கள் காலம்பூராவும் எழுதினார்கள். அவர்கள் வசனத்தைத் தேடியிருக்கிறார்கள், அது அவரிடம் இல்லைதான்.

ஓ'சல்லிவனுக்கு அப்போது வயது இருபது. அயர்லாந்துப் பெண். சிம்பன்ஸிகளுக்கு வைஸ்முல்லரைப் பிடிக்கும், இவரைப் பிடிக்காது, கடித்துவைத்ததும் உண்டு என்று பின்னால் புலம்பியிருக்கிறார். 1934-ல் வந்த அடுத்த பாகத்தில் ஜேன் உடையில்லாமல் நீந்தும் ஒரு தண்ணீருக்கடி காட்சி உண்டு. அதில் நீந்தியது இவர் இல்லை, ஜோசஃபின் மெக்கிம் என்ற ஒலிம்பிக் வீராங்கனை. தணிக்கை கெடுபிடியான நேரம், வெட்டிவிட்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து 1980களில்தான் அந்தத் துண்டு மறுபடி படத்தோடு சேர்ந்தது. இங்கேயும் டார்ஜான் காய்ச்சல் அடித்தது. பம்பாயில் ஹோமி வாடியா 1937-ல் 'தூஃபானி டார்ஜான்' எடுத்தார். தமிழில் 1941-ல் 'வனமோகினி' வந்தது, பகவான் டைரக்ஷன், எம்.கே. ராதா ஹீரோ. ஆனால் போஸ்டரைப் பிடித்தது இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவி.

வைஸ்முல்லருக்கு வருவோம். அவர் பென்சில்வேனியாவில் விண்ட்பர் என்ற சுரங்க ஊரில் பிறந்த அமெரிக்கர் என்றுதான் உலகம் நம்பியது. ஒலிம்பிக் பதிவுகளில் அதுதான் இருந்தது. நிஜத்தில் அவர் பிறந்தது 1904 ஜூன் 2-ம் தேதி, ஃப்ரைடார்ஃப் என்ற ஊரில். அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரி, இப்போது ருமேனியாவின் டிமிஷோவாரா நகரத்தோடு சேர்ந்த இடம். வீட்டில் ஜெர்மன். கைக்குழந்தையாக 1905-ல் கப்பலில் அமெரிக்கா வந்தார். விண்ட்பரில் பிறந்தது தம்பி பீட்டர். 1924-ல் பாரிஸுக்கு அணி கிளம்பும் சமயம் இவன் அமெரிக்கக் குடிமகன்தானா என்று ஒரு கேள்வி கிளம்பியது. குடிமகனாக இல்லாவிட்டால் கொடி பிடிக்க முடியாது. அந்த வருஷம் அமெரிக்காவில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களைக் கதவடைத்து நிறுத்தும் சட்டமும் வந்தது. தம்பியின் பிறப்புப் பதிவு அண்ணனுடையது ஆனது. அவர் பாரிஸுக்குப் போனார், ஜெயித்தார், ஜனங்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

அதற்குப் பிறகு அதைத் திருத்த முடியுமா? ஐந்து தங்கமும் அந்த ஒரு காகிதத்தின் மேல் நிற்கின்றன. சாகிற வரைக்கும் அவர் விண்ட்பரில் பிறந்தவராகவே இருந்தார். அவர் மகன் 2002-ல் அப்பாவைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த விஷயம் விவரமாக வந்தது. தப்பா சரியா என்று தீர்ப்புச் சொல்ல இஷ்டப்படுகிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம். இருபது வயதுப் பையன், ஏழைக் குடும்பம், சிறுவயதில் போலியோ தாக்கி அதற்காக நீச்சலுக்குப் போனவன், உலகத்திலேயே வேகமாக நீந்துகிறான், காகிதம் மட்டும் இல்லை. இந்த இடத்தில் வேறு என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துவிட்டுச் சொல்லட்டும்.

இதைத் தெரிந்துகொண்டு படத்தை மறுபடி பார்த்தால் பழைய மாதிரி பார்க்க முடிவதில்லை. ஒரு ஆள் இருக்கிறான். எங்கிருந்து வந்தான் என்று யாரும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. எது என் பெயர், எது உன் பெயர் என்று மெதுவாகக் கற்கிறான். வேகமும் உடம்பும் இருப்பதால் எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். எம்.ஜி.எம். தந்திரமாக இதைத் திட்டமிட்டது என்று சொன்னால் அபத்தம், அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் வைஸ்முல்லர், அவர் வாயைத் திறக்கவில்லை. நாவலில் டார்ஜானின் பிறப்புதான் கதையின் பெரிய முடிச்சு, கடைசியில் பிரபுப் பட்டம் வருகிறது. பிறப்பைப் பற்றிப் பேசவே பேசாத டார்ஜானாக நடிக்க, பேச முடியாத ரகசியத்தோடு ஒருவர் வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆனால் தற்செயல்கள் திரையில் தெரியும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவனுக்கு இது கிடைத்தது வெள்ளைத் தோலால். டார்ஜான் என்ற பெயருக்கே, பரோஸ் கற்பனை செய்த குரங்கு மொழியில், வெள்ளைத் தோல் என்றுதான் அர்த்தம். மொழி தெரியாத வெள்ளைக்காரனின் மௌனம் படத்தில் கம்பீரம். மொழி தெரிந்த ஆப்பிரிக்கக் கூலியின் மௌனம் வெறும் பின்னணி. அந்தக் கூலிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், பயப்படுகிறார்கள், மலை ஏறாதே என்று எச்சரிக்கவும் செய்கிறார்கள், படம் அதை மொழிபெயர்க்க மெனக்கெடவில்லை. டார்ஜானின் ஒவ்வொரு உறுமலுக்கும் குளோசப் உண்டு. படத்தை ரசிப்பவர்கள் இதை முழுங்கிவிட்டு ரசிக்கவேண்டியதில்லை. தொண்டையில் நிற்கட்டும், நின்றுகொண்டே ஆற்றங்கரைச் சீனையும் பார்க்கலாம்.

அந்தக் கூவல்! அதை விட்டுவிட்டு டார்ஜானைப் பற்றி எழுதினால் அடிக்க வருவார்கள் :) அது எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை. ஸ்டூடியோ பல ஒலிகளைக் கலந்து செய்தது என்று ஒரு பக்கம். சின்ன வயதில் ஜெர்மன்காரர்களிடம் கேட்டுப் பழகின யோடலிங், தன் சொந்தக் குரல்தான் என்று வைஸ்முல்லர் பக்கம். ஒலியைப் பதிவு செய்து ஆராய்ந்தவர்கள் பின்பாதி முன்பாதியைத் திருப்பிப் போட்டது மாதிரி இருப்பதைக் கவனித்திருக்கிறார்கள், ஆகவே எடிட்டிங் கை பட்டிருப்பது உறுதி. ஆனால் வைஸ்முல்லர் மேடையில், பேட்டிகளில், கேட்ட இடத்திலெல்லாம் சொந்தத் தொண்டையில் அதைச் செய்து காட்டினார் என்பதும் உண்மை. 1998-ல் பரோஸ் கம்பெனி அந்தக் கூவலை அமெரிக்காவில் டிரேட்மார்க்காகப் பதிவு செய்தது. ஒரு வார்த்தைகூட இல்லாத ஒரு வசனத்துக்கு உரிமையாளர் இருக்கிறார்!

1950களின் இறுதியில் கியூபாவில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். வைஸ்முல்லர் கோல்ஃப் ஆட நண்பர்களோடு காரில் போகும்போது காஸ்ட்ரோவின் ஆட்கள் துப்பாக்கியோடு மறித்தார்களாம். இவருக்கு ஸ்பானிஷ் வராது. யார் என்று எப்படிச் சொல்வது? மார்பில் தட்டிக்கொண்டு அந்தக் கூவலைப் போட்டாராம். துப்பாக்கிகள் இறங்கி, டார்ஜான் என்று கத்திக்கொண்டு கை குலுக்கி வழியனுப்பி வைத்தார்களாம். கதையில் எவ்வளவு மசாலா சேர்ந்ததோ! ஆனால் பாஸ்போர்ட்டில் இருந்த ஊர் பொய், கூவல் நிஜம்.

டார்ஜானாக மொத்தம் 12 படங்கள், 1948 வரைக்கும். பிறகு உடம்பு போட்டதும் சட்டை மாட்டிவிட்டு 'ஜங்கிள் ஜிம்' ஆக்கினார்கள். அதில் பேசினார், நிறையவே பேசினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1970களில் லாஸ் வேகாஸின் சீஸர்ஸ் பேலஸ் ஹோட்டலில் வருகிறவர்களை வரவேற்கும் வேலை பார்த்தார். அடுத்தடுத்து பக்கவாதம் வந்தது.

சீட்டாவுக்கும் ஒரு பொய்ச் சரித்திரம் உண்டு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கலிபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸில் வளர்ந்த ஒரு சிம்பன்ஸிதான் அந்தப் பழைய படங்களில் நடித்த சீட்டா, எழுபது வயது தாண்டியும் இருக்கிறது என்று வருஷக்கணக்கில் பிறந்தநாள் கொண்டாடினார்கள். 2008-ல் ஒரு எழுத்தாளர் துருவிப் பார்த்ததில் அது 1960 வாக்கில் பிறந்தது, வைஸ்முல்லரோடு நடித்திருக்கவே முடியாது என்று தெரிந்தது. குரங்குக்கும் பிறப்புச் சான்றிதழ் சரியில்லை.

வைஸ்முல்லர் 1984 ஜனவரி 20-ம் தேதி மெக்ஸிகோவின் அகபுல்கோவில் இறந்தார். டார்ஜானாக அவர் எம்.ஜி.எம்.முக்கும் பிறகு ஆர்.கே.ஓ.வுக்கும் நடித்ததில் கடைசிப் படத்தின் ஷூட்டிங் நடந்த ஊர் அதுதான், அங்கேயே அடக்கம் செய்தார்கள். அவர் கேட்டுக்கொண்டபடி, பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது டேப்பில் அந்தக் கூவலை மூன்று முறை போட்டார்கள்.